பாதியில் நிற்கும் தூக்கணாங்குருவிக் கூடு யாருக்கு? வேலை போன நேரத்தில் விடை கண்டுபிடித்த சாலிம் அலியின் கதை

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள். ஊரைத் தாண்டி செங்கம் ரோட்டிலோ தண்டராம்பட்டு பக்கமோ பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். ஏரிக்கரைப் பனையில், கிணற்று மேட்டு முள்மரத்தில், சுரைக்குடுக்கை மாதிரி காற்றில் ஆடும் கூடுகள். தூக்கணாங்குருவிக் கூடு.

கொஞ்சம் நின்று கவனித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எல்லா கூடும் முழுசாக இருக்காது. சிலதில் கீழே நீளமான குழாய் தொங்கும். சிலது ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டியது மாதிரி பாதியிலேயே நிற்கும். கட்டத் தெரிந்த குருவி ஏன் பாதியில் விட்டது? இந்தக் கேள்விக்கு சரியான பதில் கிடைத்தது 1930-ல். கண்டுபிடித்தவர் அப்போது கையில் பட்டமும் இல்லாத, வேலையும் இல்லாத ஒரு 33 வயதுக்காரர். பெயர் சாலிம் அலி. இன்றைக்கு 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அவரேதான்.

யார் இந்த சாலிம் அலி?

1896 நவம்பர் 12-ம் தேதி பம்பாயில் ஒரு பெரிய போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு வயதில் அப்பா போய்விட்டார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமிருதீன் தயாப்ஜியும், பிள்ளையில்லாத அத்தை ஹமீதா பேகமும் அண்ணன் அக்காக்களோடு சேர்த்து இவரையும் கேத்வாடி வீட்டில் வளர்த்தார்கள்.

மாமாவுக்கு வேட்டையில் ஈடுபாடு. பையனுக்கு விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. அதனால் ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் வழக்கமான சிட்டுக்குருவி இல்லை; தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினார். அங்கே கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். சொன்னதோடு நிறுத்தாமல், பதப்படுத்தி அடுக்கி வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். வயசான பிறகு எழுதிய சுயசரிதைக்கு 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு வைத்தாரே, அந்தக் குருவி இதுதான்.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பலருக்குத் தெரியாதது, அதே வயதில் நடந்த இன்னொரு குருவிக் கதை.

எட்டு ஆண் குருவி, ஒரு பெண் குருவி

வீட்டு லாயத்தில் சுவர்ப் பொந்து ஒன்றில் சிட்டுக்குருவி கூடு வைத்திருந்தது. பெண் குருவி உள்ளே முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். ஆண் குருவி வெளியே ஒரு ஆணி மேல் காவல் இருக்கும். வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறுவன் ஆண் குருவியைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஆண் வந்து அதே ஆணியில் காவலுக்கு உட்கார்ந்தது. அதையும் சுட்டான். இன்னொன்று வந்தது. ஒரு வாரத்தில் எட்டு ஆண் குருவிகள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணுக்குப் புது ஜோடி கிடைத்துக்கொண்டே இருந்தது.

படிக்கவே கொடூரமாக இருக்கு, இல்லையா? அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பையனுக்கு அது வெறும் விளையாட்டு. ஆனால் அவன் அதை நோட்டில் எழுதி வைத்தான். அதுதான் வித்தியாசம். ஒரு ஜோடி உடைந்தால் அடுத்து என்ன நடக்கிறது, ஜோடி இல்லாத ஆண்கள் எங்கே காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பின்னாளில் பறவை ஆய்வாளர்கள் சீரியஸாக எடுத்துக்கொண்ட கேள்விகள். பத்து வயதுப் பையனின் குறிப்பில் அதன் விதை இருந்தது. பல வருஷம் கழித்து அந்தக் குறிப்பு அச்சிலும் வந்தது.

பட்டம் இல்லை, வேலை கிடைக்கலை

படிப்பு அவருக்கு லேசாக வரவில்லை. தலைவலி தொந்தரவு வேறு. 1913-ல் தட்டுத்தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. குடும்பத்தின் சுரங்கம், மரத் தொழிலைப் பார்க்க பர்மாவில் உள்ள தவாய்க்குப் போனார். அங்கே கணக்குப் புத்தகத்தைவிட காட்டைத்தான் அதிகம் பார்த்தார்.

1917-ல் பம்பாய் திரும்பினார். வணிகச் சட்டமும் கணக்கும் படித்தார். காலையில் அந்த வகுப்பு. பிறகு செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியல். அவருக்குப் பறவை மேல்தான் மனசு என்பதைப் புரிந்துகொண்டு அந்த வழியைக் காட்டியவர் பாதிரியார் எத்தெல்பர்ட் பிளாட்டர். 1918 டிசம்பரில் உறவுக்காரப் பெண் தெஹ்மினாவைத் திருமணம் செய்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் வேலை ஒன்று வந்தது. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். மாசம் 350 ரூபாய். அன்றைக்கு நல்ல சம்பளம். ஆனால் வருகிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி விளக்கம் சொல்வது மட்டும் அவருக்குப் போதவில்லை. 1928-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி கிளம்பினார்.

பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியர் அவரைச் சேர்த்துக்கொண்டார். அன்றைய உலகத்தின் முன்னணிப் பறவையியலாளர்களில் ஒருவர். பிற்பாடு பரிணாம அறிவியலில் பெரிய பெயராகப் போகும் எர்ன்ஸ்ட் மயர் அவருடைய மாணவர். செத்த பறவையை அளந்து பெயர் வைப்பதோடு நிற்காமல், உயிரோடு இருக்கும் பறவை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று கேட்கும் பள்ளி அது. சாலிம் அலி கடைசி வரை ஸ்ட்ரெஸ்மானைத்தான் குரு என்று மதித்தார்.

1930-ல் ஊர் திரும்பினால், மியூசியத்தில் பணம் இல்லையென்று அவருடைய பதவியையே எடுத்துவிட்டார்கள். பெர்லின் போய் படித்துவிட்டு வந்தவருக்கு, போவதற்கு முன் இருந்த வேலையும் இல்லை.

கீஹிம் கடற்கரையில் ஒரு மழைக்காலம்

பம்பாயில் குடும்பம் நடத்தச் செலவு அதிகம். சாலிமும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு எதிர்ப்புறம், அலிபாக் பக்கத்தில் கீஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். வந்த மழைக்காலத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்ட ஆரம்பித்தன.

வேலை இல்லாதவரிடம் நேரம் நிறைய இருந்தது. கூடுகளின் உயரத்துக்கு ஒரு ஏணியை நிறுத்தி, அதன் உச்சியில் துணியால் ஒரு மறைப்பு போட்டு, அதற்குள் உட்கார்ந்துவிட்டார். மணிக்கணக்காக, நாள்கணக்காக. எந்தக் கூடு எந்த நிலையில் இருக்கு, எந்தக் கூட்டுக்குப் பெண் வந்தது, வந்த பிறகு ஆண் என்ன செய்தது என்று தொடர்ந்து பார்த்தார். கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஏணி, மறைப்பு, நோட்டு, பொறுமை.

அதுவரை இந்தப் பாதிக் கூடுகளுக்கு ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. பெண் உள்ளே அடைகாக்கும்போது ஆண் உட்கார்ந்து இளைப்பாற, பாட, தனியாகக் கட்டிக்கொள்ளும் 'ஆண் கூடு' என்பதுதான் பிரபலமான விளக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் நம்பும்படிதான் இருக்கு.

ஆனால் ஏணி உச்சியிலிருந்து தெரிந்தது வேறு கதை.

ஹெல்மெட் கூடு: இதுதான் 'பெண் பார்க்கும்' படலம்

மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் பார்க்க சிட்டுக்குருவி மாதிரியே இருக்கும். இனப்பெருக்க காலம் வந்தால் ஆணுக்குத் தலையும் மார்பும் பளிச்சென்று மஞ்சளாகிவிடும். மஞ்சளானதும் வேலை ஆரம்பம். நெல் தாளிலிருந்தோ, நாணல் மாதிரி கோரைப்புல்லிலிருந்தோ, பனை ஓலையிலிருந்தோ அலகால் ஒரு வெட்டு வெட்டி நாரைக் கிழித்துக்கொண்டு பறக்கும். ஒரு நார் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளம். கிளை நுனியில் முடிச்சுப் போட்டு, தொங்கவிட்டு, வளையமாக்கி, பின்னிக்கொண்டே போகும். ஒரு கூடு முடிய 500 தடவை வரை போய்வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மொத்தம் சுமார் 18 நாள்.

இதில் சுமார் 8 நாளில் கூடு ஹெல்மெட் வடிவத்துக்கு வரும். அடியில் குறுக்கே ஒரு பட்டை. ஊஞ்சல் பலகை மாதிரி. ஆண் அங்கே வேலையை நிறுத்திவிடும். பிறகு அந்தப் பட்டையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிறகை அடித்துச் சத்தம் போடும். யாரைக் கூப்பிடுது? பெண் குருவிகளை.

பெண் குருவிகள் கூட்டமாக வரும். ஒவ்வொரு கூடாக உள்ளே போய்ப் பார்க்கும். இழுத்துப் பார்க்கும், கொத்திப் பார்க்கும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். நம்ம ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள். இங்கே பெண் வந்து வீடு பார்க்கிறது. வீடு பிடித்தால்தான் மாப்பிள்ளை. சாலிம் அலி இங்கே ஒன்றைத் தெளிவாகக் கண்டார்: தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்ணிடம் இருக்கு, ஒரு பெண் ஒரு கூட்டை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இணை சேர்தல். அதற்கப்புறம்தான் ஆண் மிச்ச வேலையைத் தொடங்கி, முட்டை அறையை மூடி, நீளக் குழாயைத் தொங்கவிடும். உள் அறையைப் பெண் சரிசெய்துகொள்ளும்.

அப்போ அந்தப் பாதிக் கூடுகள்? எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காமல் போன கூடுகள், இல்லையென்றால் இன்னும் யாராவது வருவார்கள் என்று காத்திருக்கும் கூடுகள். இளைப்பாறும் மண்டபம் எல்லாம் இல்லை. கட்டியவனுக்குக் கிடைத்த நிராகரிப்பு அது.

முட்டை வைத்ததும் ஆண் எங்கே போகிறது?

முக்கியமான கண்டுபிடிப்பு இதற்கு அடுத்துதான் வருகிறது. பெண் 2 முதல் 4 முட்டை வரை இடும். 14 முதல் 17 நாள் அடைகாக்கும். தனியாக. குஞ்சு பொரித்த பிறகு இன்னும் 17 நாள் போல இரை தேடி ஊட்டுவதும் பெரும்பாலும் அதுதான். ஆண் சில சமயம் ஊட்டுவதுண்டு, ஆனால் அது பெரிய பங்கு இல்லை.

ஆண் அதே மரத்தில் சற்றுத் தள்ளி அடுத்த கூட்டைக் கட்ட ஆரம்பித்திருக்கும். அதுவும் ஹெல்மெட் நிலைக்கு வரும். மறுபடி தலைகீழ் தொங்கல், மறுபடி சிறகடிப்பு. இன்னொரு பெண் வந்து ஏற்றுக்கொண்டால் அதை முடித்துக் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்குப் போகும். ஒரு சீசனில் சில ஆண்களுக்கு இரண்டு மூன்று ஜோடி அமையும். சிலதுக்கு ஒன்றுகூட அமையாது.

ஒரே சமயத்தில் பல பெண்களோடு குடும்பம் நடத்துவது அல்ல இது. ஒன்று முடிந்து அடுத்தது என வரிசையாகப் பல துணை. அறிவியலில் தொடர் பலதுணை முறை என்று சொல்லலாம். இதைக் கூடு கூடாகப் பார்த்து எழுதியவர் சாலிம் அலி. 1931-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. இந்தியப் பறவை ஒன்றின் நடத்தையை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த ஆரம்பகால ஆய்வுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. பெரிய நிறுவனம், நிதி எதுவும் பின்னால் இல்லாமல் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

அப்போ ஆண் குருவி பொறுப்பில்லாததா?

இந்த விஷயத்தை மேடையில் சொன்னால் சிரிப்பு வரும், வாட்ஸ்அப்பில் போட்டால் சண்டை வரும். மனுஷன் கணக்கை குருவி மேல் போடுவதில் நாம் கில்லாடி. தமிழில் இது பழைய பழக்கமும்கூட. குறுந்தொகையில் ஒரு பாட்டு, சூல் கொண்ட பெண் சிட்டுக்குருவிக்கு ஈனுவதற்கு இடம் அமைக்க ஆண் குருவி கரும்புப் பூவைக் கொத்திக்கொண்டு வருவதைக் காட்டும். வீட்டை விட்டு வேறு இடம் போன கணவனைக் குத்திக்காட்ட வந்த பாட்டு அது. குருவி அங்கே நல்ல அப்பாவின் உதாரணம். அதே தொகுப்பில் நெடும் பனையில் கூடு பின்னும் 'தூங்கணங்குரீஇ'யும் வருது. இரண்டும் வேறு வேறு பறவை என்பது மட்டுமில்லை, குடும்ப வாழ்க்கையும் வேறு வேறு என்பது புலவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அறிவியல் இதை ஒழுக்கக் கேள்வியாகப் பார்ப்பதில்லை. ஒரே ஆள் குஞ்சை வளர்த்துவிட முடியுமா என்பதுதான் கேள்வி. மழைக்காலத்தில் புல் விதையும் பூச்சியும் ஏராளம். கூடோ மூடியிருக்கு, கிளை நுனியில், முள்ளுக்கு நடுவே அல்லது தண்ணீருக்கு மேலே தொங்குது. காக்கா உள்ளே தலை விட முடியாது, பாம்புக்கும் சிரமம். அதனால் அம்மா மட்டுமே சமாளிக்க முடிகிறது. அப்பா கூடுதலாக ஊட்டுவதால் கிடைக்கும் லாபத்தைவிட, இன்னொரு கூடு கட்டினால் கிடைக்கும் வாரிசு அதிகம்.

இதைப் பெரிய அளவில் உறுதி செய்தவர் பிரிட்டனின் ஜான் க்ரூக். உலகத்தில் உள்ள நெசவுக்குருவி வகைகளில் சுமார் 90 இனங்களை ஒப்பிட்டு 1964-ல் எழுதினார். காட்டில் பூச்சி தின்று வாழும் இனங்கள் பெரும்பாலும் ஒற்றை ஜோடியாக, தள்ளித் தள்ளி வாழ்கின்றன. அங்கே இரை கிடைப்பது கஷ்டம், இரண்டு பேரும் உழைக்கணும். புல்வெளியில் விதை தின்னும் இனங்கள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. ஆணுக்குப் பல துணை. சாப்பாடு எங்கே எப்படிக் கிடைக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் குடும்பம். நம்ம தூக்கணாங்குருவி இரண்டாவது வகை.

பெண் குருவி கூட்டில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்ற கேள்விக்கும் பின்னால் பதில் தேடினார்கள். 2005 வாக்கில் இந்தியாவில் நடந்த ஆய்வில், பின்னலின் நேர்த்தியைவிட இடம்தான் முக்கியம் என்று தெரிந்தது. உயரமாக இருக்கணும், மெல்லிய கிளையில் இருக்கணும். அதாவது வேலைப்பாட்டைவிட லொகேஷன். ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வதுதான்.

களிமண்ணும் மின்மினியும்

கூட்டின் உள்பக்கம் ஆண் குருவி ஈரக் களிமண்ணையோ சாணியையோ அப்பி வைக்கும். அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டவைத்து இரவில் விளக்காக்கிக் கொள்கிறது என்று நம்ம பாட்டிமார் சொல்வார்கள். அழகான கற்பனை. ஆனால் குருவி ராத்திரி விளக்கு வைத்துப் படிக்கப் போவதில்லை. காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருக்க எடை கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம் இருப்பதும் தென்மேற்குப் பருவக்காற்றின் அடியிலிருந்து தப்பிக்கத்தான் என்கிறார்கள். மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டைப் பறிகொடுத்த குருவியின் கதை விவேகசிந்தாமணியில் இருக்கே, அந்த நிஜக் குருவி குரங்குக்கு எட்டாத இடமாகத்தான் பெரும்பாலும் பார்த்துக் கட்டும்.

தெஹ்மினா

கீஹிமுக்கு அப்புறம் சாலிம் அலிக்கு ஒரு வழி பிறந்தது. சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு செய்து தருகிறேன், செலவை மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். 1931-32-ல் ஹைதராபாத். 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி. அப்புறம் குவாலியர், இந்தூர், போபால். மாட்டுவண்டி, கூடாரம், காடு. தெஹ்மினாவும் கூடவே போனார். வசதியாக வளர்ந்து, இங்கிலாந்தில் படித்தவர். முகாமை நடத்தியதும், கணவர் எழுதும் ஆங்கிலத்தைப் படித்துத் திருத்தியதும் அவர்தான்.

குழந்தை இல்லை. 1939-ல் ஒரு சின்ன ஆபரேஷன். அதற்குப் பிறகு தெஹ்மினா பிழைக்கவில்லை. சாலிம் அலிக்கு அப்போது 42 வயது. மறுமணம் செய்யவில்லை. அக்கா கம்மு வீட்டில் தங்கிக்கொண்டு மிச்ச வாழ்நாளைக் கழித்தார். 'இந்தியப் பறவைகள்' பற்றிய அவருடைய புகழ்பெற்ற கையேடு வந்தது 1941-ல். தெஹ்மினா அதைப் பார்க்கவில்லை.

துப்பாக்கியும் தொலைநோக்கியும்

பறவைகளைக் காப்பாற்றப் பாடுபட்டவர் வாழ்நாளில் நிறையப் பறவைகளைச் சுட்டவரும்கூட. ஆய்வு மாதிரி இல்லாமல் வகைப்பாடு செய்ய முடியாது என்பது அவருடைய கட்சி. இதில் ஒரு முரண் இருக்கு. அவருடைய பேரைச் சொல்லும் தூக்கணாங்குருவி ஆய்வுக்குப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் முக்கியமாகத் தேவைப்பட்டது. பிரிட்டனிலிருந்து வந்து இந்தியாவில் குடியேறிய விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் பிடித்துக்கொண்ட நூலும் இதுதான். பறவைகளைக் கொல்லாமல் செய்யும் அறிவியல் பற்றி 1959-ல் அதே கழகத்தின் இதழில் எழுதினார். பெரிய லேப் இல்லாத நாட்டுக்கு இதுதான் பொருத்தம் என்பது அவருடைய எண்ணம். சாலிம் அலியின் மாணவர் வி.சி. அம்பேத்கர் உட்படப் பலர் தூக்கணாங்குருவி ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகள் வெற்றி ஆண்டுகள். அமெரிக்கர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய, 10 தொகுதி கொண்ட இந்திய, பாகிஸ்தான் பறவைகள் நூல். 1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண், 1985-ல் ராஜ்யசபா நியமனம். அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றியதில் அவருடைய குரலும் உண்டு.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தைக் காக்க முன்னின்றவர் அவர். அங்கே மாடு மேய்ப்பதைத் தடை செய்யணும் என்றும் வலியுறுத்தினார். 1982-ல் தடை வந்தது. எதிர்த்த கிராம மக்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியதில் உயிர்கள் போயின. பிறகு அவருடைய கழகமே நடத்திய நீண்ட ஆய்வில், மாடும் எருமையும் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பு அடைத்துக்கொண்டது, பறவைகளுக்கு அதுவே கெடுதல் என்று தெரிந்தது. ஏணியில் உட்கார்ந்து நாள்கணக்காகப் பார்த்துவிட்டு முடிவு சொன்ன மனிதர், இங்கே பார்ப்பதற்கு முன்பே முடிவு சொல்லிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

1987 ஜூன் 20-ம் தேதி, 90 வயதில், புற்றுநோயால் பம்பாயில் காலமானார்.

தமிழ்நாட்டில் அவர் பெயர்

கோவை ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய பறவையியல் மையத்துக்கு அவர் பெயர்தான். தேனி மேகமலையில் 1948-ல் பிடிபட்ட ஒரு அரிய பழந்தின்னி வௌவாலுக்கு 1972-ல் அறிவியல் பெயர் வைத்தபோதும் அவர் பெயரையே வைத்தார்கள். பறவைக்காரருக்கு வௌவால்!

திருவண்ணாமலை மாதிரி மாவட்டங்களில் தூக்கணாங்குருவிக்கு மூன்று விஷயம் வேணும். நார் கிழிக்க நெல்லோ புல்லோ, தண்ணீர் நிற்கும் ஏரியோ கிணறோ, தொங்கவிட உயரமான மரம். மூன்றாவதில்தான் இடி. செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் பனைகள் போய்க்கொண்டிருந்தன. 2021-ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. பனைதான் நம் மாநில மரம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கூடு அழகாக இருக்கு என்று ஒடித்துக்கொண்டு வந்து ஹாலில் மாட்டுகிறவர்கள் உண்டு. மழைக்காலத்தில் மரத்தில் இருப்பதைத் தொடவே வேண்டாம். கீழே நீளமாகக் குழாய் தொங்கினால் ஒரு பெண் அந்த வீட்டை ஏற்றுக்கொண்டாச்சு என்று அர்த்தம். உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கலாம். ஹெல்மெட் மாதிரி பாதியில் நின்றால், மஞ்சள் தலையோடு ஒருத்தன் பக்கத்துக் கிளையில்தான் இருப்பான். அவன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான்.